அனுப்பியவருக்குத் தெரிய வேண்டும்

“அதுக்கென்ன தம்பி, லூப்பேக்ல ஒரு யுடிபி போர்ட்டைத் திறந்துட்டாப் போச்சு.”

லினக்ஸுக்கென எழுதிய நிரலை விண்டோஸுக்குக் கொண்டுபோகும் வேலையில் இருப்பவர்கள் இந்த வாக்கியத்தை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். நிரல் உள்ளூர் டேட்டாகிராம் சாக்கெட்டை நம்பியிருக்கும். விண்டோஸில் அது கிடையாது. 127.0.0.1 முகவரியில் யுடிபி சாக்கெட் ஒன்றை வைத்தால் வேலை முடிந்தது என்பார்கள். இரண்டும் டேட்டாகிராம், இரண்டும் ஒரே கணினிக்குள் நடக்கிற பரிமாற்றம், மாற்றி எழுத இருபது முப்பது வரிகூட ஆகாது என்று காரணமும் சொல்வார்கள்.

நானும் அதை நம்பினேன். நம்பி எழுதி, வாடிக்கையாளர் ஒருவரின் இடத்தில் ஓடவும் விட்டேன். பல சிறு நிரல்கள் ஒரு சேவை நிரலிடம் செய்திகளை ஒப்படைக்கும், அது வாங்கி வட்டில் எழுதும். யார் எப்போது எந்தக் கோப்பைத் தொட்டார் என்ற தணிக்கைப் பதிவு அது. காலையில் வைரஸ் தேடும் நிரல் ஓடத் தொடங்கும்போது வட்டு இரண்டு மூன்று விநாடி திணறும். அந்த விநாடிகளுக்குரிய வரிகள் பதிவில் இருக்கவில்லை. அனுப்பிய நிரல்கள் எல்லாவற்றிலும் ‘வெற்றி’ என்றே குறிப்பு. வாங்கிய நிரலும் எந்தப் பிழையையும் காணவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை வந்திருந்தால் அன்றே பிடித்திருக்கலாம். தவறு என்னுடையது என்று புரிய மூன்று வாரம் ஆனது. லூப்பேக் யுடிபி போதும் என்ற கருத்தை அன்றிலிருந்து மறுத்து வருகிறேன். ஏன் என்பதை இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பின்னணி. யூனிக்ஸ் உள்ளூர் சாக்கெட்டுகள் 1983-இல் பெர்க்லியின் 4.2 பிஎஸ்டியோடு வந்தவை. ஐபி முகவரிக்குப் பதிலாக ஒரு கோப்புப் பாதையே முகவரி. இரண்டு வகை முக்கியம். ஸ்ட்ரீம் வகை குழாயில் ஓடும் தண்ணீர் போல, செய்திக்கும் செய்திக்கும் நடுவே எல்லை இருக்காது. டேட்டாகிராம் வகையில் ஒவ்வொரு செய்தியும் தனி உறை. எந்த உறையாக அனுப்பினீர்களோ அதே உறையாகப் போய்ச் சேரும், முன்கூட்டியே இணைப்பு ஏற்படுத்த வேண்டாம். லினக்ஸில் சிஸ்லாக் செய்திகள் போகும் வழி இது. ஒரு சேவை ‘நான் தயார்’ என்று சிஸ்டம்டிக்குச் சொல்வதும் இந்த வழியில்தான். சாம்பாவின் உட்பிரிவுகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் இதில்தான்.

விண்டோஸில் பல்லாண்டுகள் இவற்றில் எதுவுமே இல்லை. 2017 டிசம்பரில், விண்டோஸ் 10-இன் 17063 என்ற முன்னோட்டப் பதிப்பில், மைக்ரோசாஃப்ட் யூனிக்ஸ் சாக்கெட்டுகளைச் சேர்த்தது. வந்தது ஸ்ட்ரீம் வகை மட்டும். டேட்டாகிராம் இல்லை, சாக்கெட் இணை இல்லை, கோப்பு விவரியைச் செய்தியோடு சேர்த்துக் கடத்தும் வசதியும் இல்லை. ஆகவே டேட்டாகிராம் வேண்டுமென்றால் எதையாவது கொண்டு போலச்செய்ய வேண்டியதுதான். எதைக் கொண்டு என்பதில்தான் சண்டை.

லூப்பேக் அணியினரின் பெரிய ஆயுதம் ஒரு வரையறை. டேட்டாகிராம் என்றாலே நம்பகமற்றது, அதைப் பயன்படுத்தும் நிரல் இழப்பைத் தாங்கும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும், தாங்கவில்லை என்றால் குற்றம் அந்த நிரலுடையது என்பது அவர்கள் வாதம். இதற்குப் பெரியவர் துணையும் உண்டு. ரிச்சர்ட் ஸ்டீவன்ஸின் ‘யூனிக்ஸ் நெட்வொர்க் புரோகிராமிங்’ உள்ளூர் டேட்டாகிராமை யுடிபியோடு ஒப்பிட்டு, நம்பகமற்ற சேவை என்றே வகைப்படுத்துகிறது. அந்தப் புத்தகத்தைப் படித்துத் தொழில் கற்ற தலைமுறை நாங்கள். ஆனால் லினக்ஸின் கையேட்டுப் பக்கம், பெரும்பாலான யூனிக்ஸ் ஆக்கங்களில் உள்ளூர் டேட்டாகிராம்கள் எப்போதும் நம்பகமானவை, வரிசையும் குலையாது என்று சொல்கிறது. இரண்டு பேச்சும் எப்படிச் சேர்ந்து உண்மையாக இருக்க முடியும்?

‘நம்பகமற்றது’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு நிகழ்வுகள் ஒளிந்திருக்கின்றன. தபால் நிலையத்தில் கடிதத்தைக் கொடுக்கிறீர்கள். பெட்டி நிரம்பிவிட்டது, பிறகு வாருங்கள் என்று ஊழியர் திருப்பித் தருகிறார். இது ஒன்று. வாங்கிக்கொண்டு, முத்திரையும் குத்திவிட்டு, உள்ளே போய்க் குப்பையில் போடுகிறார். இது இன்னொன்று. இரண்டிலும் கடிதம் போய்ச் சேரவில்லை. முதலாவதில் உங்கள் கையில் கடிதம் இருக்கிறது, மறுபடி அனுப்பலாம். இரண்டாவதில் உங்களுக்குத் தெரியவே தெரியாது. பிஎஸ்டி வழிவந்த தளங்களில் பெறுநரின் வரிசை நிரம்பினால் அனுப்பும் அழைப்பு ‘இடமில்லை’ என்ற பிழையோடு உடனே திரும்புகிறது. லினக்ஸில் இடம் கிடைக்கும்வரை அனுப்புநர் நிறுத்திவைக்கப்படுகிறார். காத்திருக்க மாட்டேன் என்று அவர் முன்பே சொல்லியிருந்தால், ‘பிறகு முயல்க’ என்று பதில் வருகிறது. இரண்டு தளத்திலும் அனுப்புநருக்கு விஷயம் தெரிகிறது. யுடிபியில் தெரிவதில்லை. லூப்பேக்கில் கம்பி இல்லை, ரவுட்டர் இல்லை, ஆனால் பெறுநரின் பஃபர் என்ற தொட்டி இருக்கிறது. தொட்டி நிரம்பினால் கெர்னல் அடுத்த செய்தியைச் சத்தமில்லாமல் கொட்டிவிடும். ஒரே கணினிக்குள் எதுவும் தொலையாது என்று சொல்பவர்கள் இந்தத் தொட்டியை மறந்துவிடுகிறார்கள்.

செய்து பார்க்க ஐந்து நிமிடம் போதும். பெறுநர் நிரல் சாக்கெட்டைத் திறந்துவிட்டு ஐந்து விநாடி உறங்கட்டும். அனுப்புநர் நிரல் ஆயிரம் பைட் கொண்ட செய்திகளை வரிசை எண் போட்டுப் பத்தாயிரம் அனுப்பட்டும். லினக்ஸின் உள்ளூர் சாக்கெட்டில், கெர்னலின் இயல்பு அமைப்பில், அனுப்புநர் பத்துச் செய்தியைச் சற்றே தாண்டியதும் நின்றுவிடுவார். இயல்பு வரிசை நீளம் 10. சிஸ்டம்டி ஓடும் கணினிகளில் அது 512 ஆக உயர்த்தப்பட்டிருக்கும், அங்கே வரிசை நிரம்பும் முன்பே அனுப்பும் பஃபர் நிரம்பி நிற்பார். பெறுநர் விழித்து ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க, அனுப்புநர் நகர்வார். கடைசியில் பத்தாயிரமும் வரிசை மாறாமல் வந்திருக்கும். அதே நிரலை விண்டோஸில் லூப்பேக் யுடிபிக்கு மாற்றி ஓட்டுங்கள். அனுப்புநர் எங்கும் நிற்கமாட்டார். பத்தாயிரம் அழைப்பும் வெற்றி என்று சொல்லி, பெறுநர் விழிக்கும் முன்பே வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார். பெறுநருக்குக் கிடைப்பது தொட்டி கொண்ட அளவு மட்டும். பஃபரைப் பெரிதாக்கு என்பார்கள். பெரிதாக்கினால் தொலையும் நேரம் தள்ளிப்போகும், சோதனைக்கூடத்தில் பிடிபடாமல் வாடிக்கையாளரிடம் போய் வெளிப்படும். அது இன்னும் மோசம்.

நிரல் இழப்பைத் தாங்க வேண்டும் என்ற அறிவுரைக்கும் பதில் இதுவே. தாங்குவதற்கு முதலில் தெரிய வேண்டும். லினக்ஸில் அந்த நிரலை எழுதியவர் சோம்பேறி இல்லை. கெர்னல் அவருக்கு ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தது, அதை நம்பி எழுதினார். தளம் மாற்றும்போது அந்த வாக்குறுதியை நாம் பிடுங்கிக்கொண்டு, எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும் என்று அவரையே குறை சொல்வது நியாயமில்லை.

அடுத்து ஒரு பிழை எண்: 10054. விண்டோஸில் யுடிபி சேவை எழுதிய எவருக்கும் இந்த எண் மனப்பாடம். ஒரே சாக்கெட்டில் ஐம்பது வாடிக்கை நிரல்களுக்குப் பதில் சொல்லும் சேவை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு வாடிக்கை நிரல் செத்துவிட்டது. சேவை அதற்குப் பதில் அனுப்புகிறது, வெற்றி. அந்தப் போர்ட்டில் யாரும் இல்லை என்ற ஐசிஎம்பி செய்தி திரும்பி வருகிறது. இப்போது சேவை தன் வழக்கப்படி அடுத்த செய்தியை எடுக்க அழைப்பு விடுகிறது. அந்த வாங்கும் அழைப்பு ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்று 10054-ஐத் தருகிறது. இணைப்பே இல்லாத சாக்கெட்டில், சம்பந்தமே இல்லாத இடத்தில். எந்த வாடிக்கை நிரலால் வந்தது என்றும் தெளிவில்லை. பிழை வந்தால் சுழற்சியை விட்டு வெளியேறு என்று எழுதியிருந்தால், செத்த ஒன்றுக்காக மீதி நாற்பத்தொன்பதும் சேவை இல்லாமல் நிற்கும். இதை அணைக்கத் தனி ஐஒகண்ட்ரோல் ஒன்று இருக்கிறது. அணைத்தால் போனவருக்கு அனுப்புகிறோம் என்ற செய்தியும் சேர்ந்து போய்விடுகிறது. உள்ளூர் டேட்டாகிராமில் இந்தக் குழப்பமே கிடையாது. பெறுநர் இல்லை என்றால் அனுப்பும் அழைப்பே, அந்த நொடியிலேயே, மறுப்போடு திரும்பும்.

அளவும் ஒரு வேறுபாடு. ஐபிவி4 மேல் ஒரு யுடிபி செய்தி 65,507 பைட்டைத் தாண்ட முடியாது. லினக்ஸ் உள்ளூர் சாக்கெட்டில் எல்லையைத் தீர்மானிப்பது அனுப்பும் பஃபர். அதன் இயல்பு அளவு 212,992 பைட். ஒரு லட்சம் பைட் செய்தி அங்கே போகும், இங்கே போகாது. இது சத்தமாகத் தோற்கும் என்பதால் இதை நான் பெரிய குற்றமாகச் சொல்லமாட்டேன்.

பாதுகாப்புக்கு வருவோம். இங்கே எதிரணி சொல்வது: உன் கணினிக்குள் ஒருவன் நிரல் ஓட்ட முடிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது, லூப்பேக்கில் மட்டும் பூட்டுப் போட்டு என்ன பயன்? இந்த வாதத்தைப் படித்தவர்களே சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. கணினிக்குள் எல்லோரும் ஒரே ஆள் என்றால் பயனர் கணக்குகள் எதற்கு? நிர்வாகி அனுமதி கேட்கும் திரை எதற்கு? ஒரே சர்வரில் முப்பது பேர் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வேலை செய்யும் அலுவலகங்கள் உண்டு. சிஸ்டம் கணக்கின் முழு அதிகாரத்தோடு ஓடும் ஒரு சேவை, சாதாரணப் பயனரின் நிரலிடமிருந்து கட்டளை வாங்குகிறது என்றால், அந்த வாசல்தான் காவலுக்குரிய வாசல். யூனிக்ஸ் சாக்கெட் ஒரு கோப்பு. அது இருக்கும் கோப்புறைக்கு யார் போகலாம், யார் எழுதலாம் என்று குறித்துவிடலாம். போர்ட் எண்ணுக்கு அப்படி உரிமையாளர் கிடையாது. 127.0.0.1-இன் எந்தப் போர்ட்டுக்கும் அந்தக் கணினியின் எந்தப் பயனரின் சாதாரண நிரலும் செய்தி அனுப்பலாம்.

வைஃபை இணைப்பைக் கவனிக்கும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட்டை எடுத்துக்கொள்வோம். யோவ்னி மாலினென் எழுதி வளர்த்த, உலகெங்கும் ஓடும் நிரல். அதைக் கட்டுப்படுத்தும் வாசல் லினக்ஸிலும் பிஎஸ்டியிலும் உள்ளூர் டேட்டாகிராம் சாக்கெட். எந்தக் குழுவினருக்கு அனுமதி என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும். உள்ளூர் சாக்கெட் இல்லாத தளங்களுக்காக அதிலும் யுடிபி வாசல் ஒன்று இருக்கிறது, 9877-ஆம் போர்ட்டில். வெறும் போர்ட் போதாது என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் ஒரு குக்கி வைத்தார்கள். கட்டளைக்கு முன்னால் அதைக் காட்ட வேண்டும். ஆனால் லூப்பேக்கிலிருந்து யார் கேட்டாலும் அந்தக் குக்கி கிடைக்கும். கொடுக்காமல் இருக்கக் கேட்பவர் யார் என்று தெரிய வேண்டுமே, யுடிபி அதைச் சொல்வதில்லை. அந்தத் திட்டத்தின் அமைப்புக் கோப்பைப் படித்தால், விண்டோஸுக்கான இயல்புத் தேர்வு யுடிபி இல்லை, நேம்டு பைப். இருபது வரியில் முடியும் வழியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, நேம்டு பைப்புக்கென்று தனிக் கோப்பு எழுதி அதையே இயல்பாக வைத்திருக்கிறார்கள்.

சிக்வின் இன்னொரு பாடம். யூனிக்ஸ் நிரல்களை விண்டோஸில் ஓடவைக்கும் அந்தத் திட்டம் உள்ளூர் சாக்கெட்டை லூப்பேக் வழியாகவே போலச்செய்கிறது. அங்கே சாக்கெட் என்று தெரிவது ஒரு சாதாரணக் கோப்பு. திறந்து பார்த்தால் ஆச்சரியக்குறியில் தொடங்கி, ‘சாக்கெட்’ என்ற சொல், ஒரு போர்ட் எண், வகையைக் குறிக்கும் ஓர் எழுத்து, பிறகு நான்கு கொத்தாகப் பதினாறடிமான எண்கள். கோப்பைப் படிக்க அனுமதி உள்ளவருக்கே அந்த ரகசிய எண் தெரியும், இணைந்ததும் இரு தரப்பும் அதைப் பரிமாறிச் சரிபார்த்துக்கொள்ளும். அழகான யோசனை. ஆனால் அந்தக் கைகுலுக்கல் ஸ்ட்ரீமுக்கு மட்டும். டேட்டாகிராமில் இணைப்பு என்ற தருணமே இல்லாததால் கைகுலுக்க இடமில்லை. கோப்பைப் படிக்க முடியாதவரும் போர்ட் எண்ணை ஊகித்து நேரடியாக அனுப்பலாம்.

ஊகிப்பதெல்லாம் நடைமுறையில் நடக்குமா என்று கேட்பவர்களுக்குப் பைத்தானின் கதை. விண்டோஸில் சாக்கெட் இணை இல்லாததால் பைத்தான் நூலகம் லூப்பேக் டிசிபியில் ஒரு தற்காலிகப் போர்ட்டைத் திறந்து, தனக்குத் தானே இணைந்து, இரு முனைகளையும் திருப்பித் தந்துகொண்டிருந்தது. உள்ளே வந்து இணைந்தது தானேதானா என்று அது சரிபார்க்கவில்லை. அந்த இமைப்பொழுதில் வேறொரு நிரல் முந்திக்கொண்டு இணைய முடியும் என்பது 2024-இல் பாதுகாப்புக் குறைபாடாக, சிவிஇ-2024-3219 என்ற எண்ணோடு பதிவாகித் திருத்தப்பட்டது. இணைப்பு உள்ள டிசிபியிலேயே இந்த நிலை. டிசிபியில் சரிபார்க்கவாவது ஓர் இடம் இருக்கிறது.

இதோடு ஒரு பழக்கதோஷத்தையும் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் சாக்கெட் திறந்தவுடன் ‘ரீயூஸ்அட்ரஸ்’ விருப்பத்தைப் போட்டுவிடுவது நம் கை வழக்கம். விண்டோஸில் அதே பெயருக்கு வேறு பொருள். ஏற்கெனவே ஒருவர் பிடித்திருக்கும் போர்ட்டை இன்னொரு நிரலும் பிடிக்க அது வழிவிடும், அதன்பின் செய்தி யாரிடம் போகும் என்பதற்கு உத்தரவாதமில்லை. தனியுரிமையாகப் பிடிக்க வேறொரு விருப்பம் இருக்கிறது. லினக்ஸ் வரிகளை அப்படியே நகலெடுப்பவர்கள் அதைப் போடுவதில்லை.

சரி, வேறு வழி என்ன? மெயில்ஸ்லாட் என்று சிலர் சொல்வார்கள். பெயர் அஞ்சல் பெட்டி, குணமும் அதுதான், ஒருவழிப் பாதை. அனுப்பியவர் முகவரி வராது, பதில் போடவும் முடியாது. விட்டுவிடலாம்.

நான் வந்து சேர்ந்த வழி, விண்டோஸே தரும் யூனிக்ஸ் ஸ்ட்ரீம் சாக்கெட்டின் மேல் டேட்டாகிராமைக் கட்டுவது. பெறுநர் ஒரு பாதையில் காத்திருப்பார். ஒவ்வோர் அனுப்புநரும் முதல் செய்தியின்போது மறைவாக ஓர் இணைப்பு ஏற்படுத்தி, தன் பெயரை ஒருமுறை சொல்லிவிடுவார். அதன்பின் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் நான்கு பைட்டில் நீளம். பெறுநர் நீளத்தைப் படித்து, அத்தனை பைட்டும் சேர்ந்த பிறகே செய்தியை மேலே ஒப்படைப்பார். உறையின் எல்லை காப்பாற்றப்பட்டது. பெறுநர் தாமதித்தால் ஸ்ட்ரீமின் பஃபர் நிரம்பும், அனுப்புநர் நிற்பார், லினக்ஸில் நிற்பதைப் போலவே. பெறுநர் செத்தால் எழுதும் அழைப்பு பிழை தரும். சாக்கெட் என்டிஎஃப்எஸ் கோப்பாக இருப்பதால் அனுமதிகளும் வேலை செய்யும். எதிர்முனையின் ப்ராசஸ் எண்ணைக் கேட்டு வாங்கவும் விண்டோஸில் வழி உண்டு.

இது இருபது வரி இல்லை. எனக்கு அறுநூறைத் தாண்டியது. கடினமான இடங்கள் எவை என்றும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காத்திருக்காத அனுப்புநர் நாலாயிரம் பைட் செய்தி ஒன்றை எழுதுகிறார், ஆயிரத்து எழுநூறு போனதும் இடமில்லை. இப்போது ‘பிறகு முயல்க’ என்று சொல்ல முடியாது, பாதி உள்ளே போய்விட்டது. சொல்லிவிட்டால் அவர் முழுச் செய்தியையும் மறுபடி அனுப்புவார், அத்தோடு நீளக் கணக்கே குலைந்துபோகும். மீதியை நம் அடுக்கு வாங்கி வைத்துக்கொண்டு வெற்றி என்று சொல்ல வேண்டும். அந்த மீதி போகும்வரை அடுத்த செய்தியை மறுக்க வேண்டும். நடுச்செய்தியில் அனுப்புநர் செத்தால் பெறுநர் அந்தப் பாதியைத் தூக்கி எறிய வேண்டும், பாதி உறையை மேலே தந்துவிடக் கூடாது. நிரல் தற்செயலாக வீழ்ந்தால் பழைய சாக்கெட் கோப்பு அப்படியே கிடக்கும், அடுத்த முறை ‘முகவரி பயன்பாட்டில்’ என்று பிழை வரும், அழித்துவிட்டுத் தொடங்க வேண்டும். பெறுநர் பக்கம் ஒரே சாக்கெட்டுக்குப் பதில் அனுப்புநருக்கு ஒன்றாகப் பல சாக்கெட்டுகள் இருப்பதால் எல்லாவற்றையும் கண்காணிக்கும் சுழற்சி ஒன்றும் வேண்டும். இரண்டு அனுப்புநர்களுக்கு இடையிலான வரிசை லினக்ஸில் இருப்பதைப் போலத் துல்லியமாக இருக்காது. ஒரே அனுப்புநரின் செய்திகள் மட்டும் வரிசை மாறாது. இந்தக் கடைசிக் குறையை ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்.

2018-க்கு முந்தைய விண்டோஸும் வேண்டுமென்றால் செய்தி முறையில் திறந்த நேம்டு பைப் இருக்கிறது. எல்லையை அதுவே காக்கும், அனுமதிப் பட்டியலும் உண்டு. செலக்ட் அழைப்பில் அதைச் சேர்க்க முடியாது என்பதும், நமக்கு முன்பே வேறொருவர் அதே பெயரில் பைப்பைத் திறந்துவிடாதபடி ‘முதல் பிரதி’ என்ற கொடியைப் போட வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

லூப்பேக் யுடிபிக்கும் இடம் உண்டு. ஒரு நொடிக்கு எத்தனை கோரிக்கை வந்தது என்பதைப் போன்ற அளவீடுகள், நூறில் ஒன்று தொலைந்தாலும் வரைபடம் மாறாத எண்கள், அதில் தாராளமாகப் போகலாம். அளவீடு திரட்டும் ஸ்டாட்ஸ்டி யுடிபியின் மேல்தான் பிறந்தது. அந்தத் துறையிலேயே டேட்டாடாக் தன் ஏஜென்டுக்கு யூனிக்ஸ் சாக்கெட் வழியையும் திறந்து வைத்திருக்கிறது. இழப்பைக் கண்டறிய முடியும் என்பதையும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறது. தொலைந்தாலும் பரவாயில்லை என்பவர்களுக்கும் எவ்வளவு தொலைகிறது என்று தெரிய வேண்டியிருக்கிறது.

நான் இப்போது பொறுப்பேற்றிருக்கும் நிரலில், பெறுநரை ஐந்து விநாடி உறங்கவைக்கும் அந்தச் சோதனை ஒவ்வொரு பில்டிலும் லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் ஓடுகிறது. அது எண்ணிப் பார்ப்பது இரண்டைத்தான்: அனுப்புநர் நடுவில் நின்றாரா, பத்தாயிரமாவது செய்தி வரிசை குலையாமல் வந்ததா. முதலாவதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், பத்தாயிரமும் வந்து சேர்ந்திருந்தாலும் பில்ட் தோல்விதான்.